குப்பை வண்டிக்குச் சமைக்கும் வீடுகள்

தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் காலையில் தெருவுக்குள் வரும் குப்பை வண்டியின் பச்சைத் தொட்டியை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். முந்தைய இரவு வடித்த சோறு கட்டியாகக் கிடக்கும். பிரிக்காத பரோட்டாப் பொட்டலம், பாதி தின்ற பிரியாணி, நாலு துண்டு மட்டும் எடுத்த ரொட்டிப் பாக்கெட், கட்டு அவிழ்க்காமலே மஞ்சளாகிப்போன கீரை, தோல் கறுத்ததற்காக ஒதுக்கிய வாழைப்பழம். பண்டிகைக்கு மறுநாள் அந்தத் தொட்டி எவ்வளவு கனக்கும் என்பது அதை இழுத்துச் செல்லும் தூய்மைப் பணியாளருக்குத் தெரியும். தூக்கிப் போட்டவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு வசதியாகத்தான் மூடிபோட்ட வாளியும் கறுப்புப் பையும் வந்துவிட்டன.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட உணவு விரயக் குறியீட்டு அறிக்கை ஓர் அபாயச் சங்கு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியிருக்கிறது. கடைக்கும் உணவகத்துக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்த உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உணவு விரயம் என்றதும் நட்சத்திர ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த 105 கோடி டன்னில் உணவகம், விடுதி, விருந்துக் கூடம் போன்றவற்றின் பங்கு 28 விழுக்காடு. கடைகளின் பங்கு 12 விழுக்காடு. மீதி 60 விழுக்காடும் வீடுகளில் நடக்கிறது. நாம் பூட்டுப் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கும் அதே வீடுகளில். இந்தியாவுக்கு அந்த அறிக்கை தரும் மதிப்பீடு, வீட்டு அளவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ. நாடு முழுவதற்கும் சுமார் 7.8 கோடி டன். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் நாளொன்றுக்கு அறுநூறு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் தோலும் கொட்டையும் எலும்பும் சேர்ந்திருக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தோல் என்று தள்ளுவதில் எத்தனை உண்ணத் தக்கவை என்பது தமிழ்ச் சமையலறைக்குத் தெரிந்த அளவுக்கு வேறு பலருக்குத் தெரியாது. பீர்க்கங்காய்த் தோல் இங்கே என்றைக்குக் குப்பையாக இருந்தது?

ஒரு கிலோ அரிசி விளைய ஏறக்குறைய 2,500 லிட்டர் நீர் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அப்படியென்றால் ஒரு பிடி, ஐம்பது கிராம், அரிசியில் வடித்த சோற்றைத் தொட்டியில் கொட்டும்போது 125 லிட்டர் தண்ணீரையும் சேர்த்துக் கொட்டுகிறோம். மேட்டூர் அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது என்று பார்த்து, பாசனத்துக்கு அதைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12ஐ ஆண்டுதோறும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் மாநிலம் இது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற மக்கள் இவர்கள். காவிரி நீரில் நம் பங்குக்காகப் பல பத்தாண்டுகள் வழக்காடிவிட்டு, அந்த நீரில் விளைந்ததை இரவு பத்து மணிக்குக் கூசாமல் வாளியில் வழித்துப் போடுகிறோம்.

போட்டது அங்கேயே முடிந்துவிடுவதும் இல்லை. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்த குப்பையின் அடியில், காற்றுப் புகாத இடத்தில் அழுகும் உணவு மீத்தேனாக மாறுகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்து, அணைக்க நாட்கள் பிடித்தன. சுற்றியுள்ள வீடுகளில் குழந்தைகள் புகையை மூச்சாக இழுத்தார்கள். அந்தக் கிடங்கு நிற்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். உலகம் வெளியேற்றும் பசுமைக்குடில் வாயுக்களில் 8 முதல் 10 விழுக்காடு, விளைந்த இடம் முதல் வீட்டு வாளி வரை வீணாகும் உணவோடு தொடர்புடையது என்று அதே ஐ.நா. அறிக்கை சொல்கிறது.

இதே மாநிலத்தின் இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019–21இல் எடுக்கப்பட்டது. அதன்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஐந்து வயதுக்குட்பட்டோரில் 57 விழுக்காட்டுக்கு இரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டுக்கு இரத்தசோகை. மதிய உணவில் இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம், 2022 முதல் பள்ளியில் காலை உணவும் தரும் மாநிலம். இங்கும் நிலைமை இதுதான். முள்ளங்கியின் தலையில் இருக்கும் இலையைத் திருகிக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வருகிற நாம், அந்த இலையில் இரும்புச்சத்து உண்டு என்பதையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம்.

ஏன் இப்படி ஆனது? வசதி பெருகியதால் என்பது பாதிப் பதில்தான். 2022–23 நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்திய நகரக் குடும்பங்களின் மாதச் செலவில் இன்னும் 39 விழுக்காடு உணவுக்கே போகிறது. கிராமத்தில் 46 விழுக்காடு. தூக்கிப் போடும் அளவுக்குப் பெரும்பாலானவர்கள் பணக்காரர்கள் ஆகிவிடவில்லை. மாறியது வேறு. ஐந்து கிலோ வாங்கினால் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்புகள் நம் தேவையைத் தாங்களே முடிவு செய்கின்றன. பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் செயலி, அலமாரியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் வேலையை நம்மிடமிருந்து பறித்துவிட்டது. குளிர்பெட்டி பல வீடுகளில் குப்பைக்குப் போகும் வழியிலுள்ள இடைத்தங்கல் ஆகிவிட்டது: கொட்ட மனம் வராததைக் கிண்ணத்தில் போட்டு உள்ளே தள்ளுகிறோம், நாலு நாள் கழித்து மனம் வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், நாம் பேசத் தயங்குவது: பழையதைச் சாப்பிடுவது வறுமையின் அடையாளம் என்று ஒரு தலைமுறை முழுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்துவிட்டோம். வறுமையிலிருந்து மேலேறி வந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் இயல்பு. அதைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனால் விருந்தாளி வரும்போது பழைய குழம்பை மறைத்து வைக்கிற கை, அதை அவர் கண்ணெதிரே கொட்டுவதற்கு மட்டும் கூசாமல் இருக்கிறதே, அதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உண்ணக் கூசுகிறோம், எறியக் கூசவில்லை.

இந்தக் கூச்சத்தோடு சேர்ந்து ஒரு கல்வியும் மறைந்துகொண்டிருக்கிறது. இந்தத் தலையங்கம் எழுப்பும் அபாயக் குரலின் மையம் அதுதான். மிஞ்சியதை வைத்துச் சமைப்பது ஒரு திறமை. அது பல்கலைக்கழகத்தில் கற்றதல்ல. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நின்று கற்றது. நிற்பவர் இல்லாமல் போனால் இருபது ஆண்டுகளில் அது இல்லாமல் போகும். அப்புறம் சட்டம் போட்டாலும் விளம்பரம் செய்தாலும் வீட்டில் செய்யத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

அந்தக் கல்வியில் என்னென்ன இருந்தன என்று கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

இரவில் மிஞ்சிய சோற்றில் அது முழுவதும் மூழ்கும்படி நீரூற்றி வைத்தால் காலையில் அது வேறு உணவு. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இரவெல்லாம் வேலை செய்து புளிப்பை உண்டாக்குகின்றன. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் போதும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல்நோய் மருத்துவர்கள் இந்தப் பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பதே அதன் மதிப்பைச் சொல்லும். காலையிலும் தீராத சோற்றை மசித்து, உப்பும் சீரகமும் அரைத்த மிளகாயும் சேர்த்துக் கிள்ளி வைத்து மாடியில் உலர்த்தினால் வடகம். ஒரு நாளில் கெடும் பொருளை ஓராண்டு வைத்திருக்கும் வழி அது. செலவு வெயில் மட்டும்.

மாவுக்கு ஒரு வரிசை உண்டு. அரைத்த மறுநாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் தூவிய ஊத்தப்பம், இன்னும் ஏறினால் கடுகும் கடலைப்பருப்பும் தாளித்துக் கொட்டிய குழிப்பணியாரம். புளித்ததைக் குறை என்று பார்க்காமல், இந்தப் புளிப்புக்கு எது பொருந்தும் என்று பார்த்த சமையல் அது. மோர் புளித்தால் மோர்க்குழம்பு, அதற்கும் மேல் புளித்தால் மோர்க்களி, ரவா தோசை. இட்லி மிஞ்சினால் உதிர்த்து உப்புமா. இன்று பாக்கெட் மாவு வாங்கும் வீட்டில் மூன்றாம் நாள் மாவு பையோடு போகிறது. அதில் பணியாரம் வரும் என்பது தெரியாததால்.

தோலையும் தண்டையும் எடுத்துக்கொள்வோம். பீர்க்கங்காய்த் தோலையும் சௌசௌ தோலையும் வதக்கி, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், புளி வைத்து அரைத்தால் துவையல். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வேகவைத்துப் பொரியலாக்கலாம். தர்பூசணியின் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள வெள்ளைப் பகுதி, பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் சுரைக்காய்க்கு இளைத்ததில்லை. காலிபிளவரின் நடுத்தண்டும் இளம் இலையும் பூவைப் போலவே வேகும். கொத்தமல்லித் தண்டின் மணம் இலையைவிடக் கூடுதல். ரசத்துக்கு அதுதான் வேண்டும். பலாக்கொட்டை சாம்பாருக்கு, சதை ஒட்டிய மாங்கொட்டை குழம்புக்கு, முற்றிய கீரைத்தண்டு புளிக்குழம்புக்கு. அரிசி களைந்த இரண்டாம் நீர் கீரை மண்டிக்கு. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தால் வெயில் நேரத்துக்கு அதைவிட மேலான பானம் கடையில் இல்லை. முருங்கைக்காய் விலை ஏறும்போது புலம்புகிறோம். மரத்தின் இலையை ஒடித்து வர யாரும் இல்லை.

மிஞ்சிய காய்களையெல்லாம் ஒரே சட்டியில் சேர்ப்பதற்கென்றே பிறந்தவை போலச் சில உணவுகள் நம்மிடம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கூட்டாஞ்சோறு, கதம்ப சாம்பார், அவியல். ஒரு கத்தரிக்காய், இரண்டு பீன்ஸ், பாதிக் கேரட் என்று கூடையின் அடியில் தங்கியவைக்கு அங்கே இடம் உண்டு. பொங்கலன்று வைத்த பல காய்க் குழம்பை மறுநாளும் அதற்கு மறுநாளும் கொதிக்கவைத்துச் சுண்டச்செய்து, முதல் நாளைவிட ருசி என்று போட்டி போட்டுக்கொண்டு தின்ற பழங்கறி தென்மாவட்டங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்கே அது விருந்தின் இரண்டாம் பாகம்.

இன்று வெளிநாட்டுப் பேரங்காடிகளில் மாலையானதும் மஞ்சள் சீட்டு ஒட்டி விலை குறைத்து விற்பதைப் புதுமை என்று பேசுகிறோம். நம் சந்தையில் கூறு என்றைக்கும் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அடிபட்ட தக்காளியையும் வாடிய கத்தரிக்காயையும் கொஞ்சம் முற்றிய வெண்டையையும் கூறு கட்டி, எடை போடாமல் பத்துக்கும் இருபதுக்கும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார் வியாபாரி. வாங்குகிறவர் அன்றிரவே தக்காளியைத் தொக்காக வதக்குவார். கத்தரிக்காயை நறுக்கி உப்பு நீரில் ஒரு கொதி விட்டு வற்றலுக்குப் போடுவார். முற்றிய வெண்டை மோர்க்குழம்புக்குப் போகும். வியாபாரிக்குக் கையில் காசு, வாங்கியவருக்கு ஒரு வாரக் குழம்பு, குப்பைக்கு ஒன்றுமில்லை. குளிரூட்டிய கடைகளில் ஒரே அளவில் பளபளக்கும் காய்களைப் பொறுக்கிப் பழகிய கண்ணுக்கு இந்தக் கூறு அழுகலாகத் தெரிகிறது. நெளிந்த காயும் தழும்புள்ள தக்காளியும் வேகும்போது வேறு ருசி தருவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். மிச்சத்தைக் காப்பது என்றால் கெட்டதை விழுங்குவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வடித்த சோற்றை வெறுமனே அடுப்படியில் மூடி வைத்தால், வேகும்போதும் சாகாத பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்கு அனுப்ப வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். நீரூற்றிய சோறும் வழவழப்பாகி நாற்றம் மாறியிருந்தால் கூடாது. எடுத்துச் சூடாக்கினால் நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. பூஞ்சை பூத்த நிலக்கடலையில் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் இருக்கலாம். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. ரொட்டியில் ஒரு மூலையில் பச்சை படர்ந்தால் அந்தத் துண்டை மட்டும் கிள்ளி எறிவது பயன்படாது. உருளைக்கிழங்கில் பச்சை ஏறிய பகுதியையும் உண்ணக் கூடாது. பழங்கறியை வேளைக்கு வேளை கொதிக்கவைத்தவர்களுக்குக் காரணம் தெரிந்திருந்தது. அந்த ஒழுங்கை விட்டுவிட்டுப் பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆபத்து வரும்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பொட்டலத்தில் அச்சடித்த தேதியைப் பார்த்து நல்ல பொருளை எறிகிறோம். காலாவதித் தேதி வேறு, இந்தத் தேதிவரை தரம் சிறப்பாக இருக்கும் என்று சொல்வது வேறு. முன்னது பாதுகாப்புக்கானது, அதைத் தாண்டினால் உண்ணக் கூடாது. பின்னது மணத்துக்கும் மொறுமொறுப்புக்கும் தயாரிப்பாளர் தரும் உறுதி. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கின. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மக்களுக்குத் தமிழில், தெளிவாக, பெரிய எழுத்தில் சொல்லும் முயற்சி எங்கே?

இன்னொன்றையும் நேராகப் பேச வேண்டும். அந்தக் காலச் சிக்கனத்தைப் போற்றும்போது அதன் பாரத்தைச் சுமந்தது யார் என்பதை மறந்துவிடுகிறோம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பின் அடிச்சட்டியை வழித்துத் தின்றவள் பெண். புதுச் சோறு கணவனுக்கும் மகனுக்கும், பழையது அவளுக்கு. மேலே சொன்ன 53 விழுக்காட்டுப் பெண்களின் இரத்தசோகைக்குப் பின்னால் இந்தப் பந்தி வரிசையும் இருக்கிறது. விரயத்தைக் குறைக்க வேண்டும் என்ற பெயரில் அந்த வரிசை திரும்பி வருமானால் அப்படிப்பட்ட சிக்கனம் நமக்கு வேண்டாம். பழையது தின்பதென்றால் வீட்டில் எல்லோரும் தின்ன வேண்டும். தோலைச் சீவி வைப்பது, மாவின் நாளை எண்ணுவது, குளிர்பெட்டியின் பின்வரிசையைப் பார்ப்பது என்ற வேலைகளில் ஆண்கள் கை வைக்க வேண்டும். வேலைக்கும் போய்விட்டு வந்து வடகமும் பிழி என்று ஒருத்தி தலையில் கட்டினால், அவள் பாக்கெட்டை வாங்கிவிட்டு மிச்சத்தை எறிவாள். அதற்காக அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு நாள் கிடந்த குழம்பை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உணவைக் காப்பாற்றியதாக நினைப்பதும் நிற்க வேண்டும். நாம் உண்ணத் தயங்குவதை இன்னொருவர் கையில் கொடுப்பதில் கொடை எதுவும் இல்லை.

வீட்டுக்கு வெளியே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது ஓரளவு பேசப்பட்டுவிட்டது. முகூர்த்த நாளில் இலையில் இருபது வகை வைத்து, எட்டு வகை தொடாமலே மடிகிறது. இலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசும் முறையில், கூடுதலாகச் சமைப்பதைத் தடுக்க யாருக்கும் ஊக்கம் இல்லை. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு மண்டபங்களில் மிஞ்சிய நல்ல உணவைப் பசித்தோருக்குக் கொண்டுசேர்த்து வழிகாட்டியது. மிகை உணவைப் பெற்று வழங்குவதற்கான ஒழுங்குமுறையை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் கொண்டுவந்தது. இவை நல்லவை. ஆயினும் மிஞ்சியதை இரவோடு இரவாக ஏற்றிச் செல்லும் வண்டியைவிட, மிஞ்சாமல் சமைக்கும் கணக்கு மேலானது. பிரான்ஸ் 2016இல் பேரங்காடிகள் விற்காத நல்ல உணவை அழிக்கத் தடை போட்டது. தென்கொரியா 2005இல் உணவுக் கழிவைப் புதைக்கத் தடை செய்து, 2013 முதல் வீடுகள் போடும் கழிவின் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்குகிறது. எடை போட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே மக்கள் வாளியைக் கவனித்தார்கள்.

வயலுக்கும் இந்த அடுப்படிக்கும் உள்ள உறவையும் மறந்துவிடக் கூடாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியாக அரசு 60 ரூபாய்க்கு விற்றது. வேறொரு மாதத்தில் பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் அதே தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறார்கள். 2022இல் முடிந்த நாடு தழுவிய ஆய்வொன்று, அறுவடைக்குப் பின் இந்தியா இழக்கும் வேளாண் விளைபொருளின் மதிப்பை ஆண்டுக்கு 1,52,790 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. காய்கறிகளில் இழப்பு 4.87 முதல் 11.61 விழுக்காடு வரை. இதற்கு முழு மருந்தும் வீட்டில் கிடையாது. கிடங்கும், பதப்படுத்தும் ஆலையும், நியாய விலையும் அரசின் கடமை. என்றாலும் மலிந்த காலத்தில் ஐந்து கிலோ வாங்கித் தொக்குப் போட்டு, வற்றல் போட்டு வைத்த வீடுகள் லட்சக்கணக்கில் இருந்தபோது, விளைச்சல் பெருகும் நாட்களில் விவசாயியின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு சந்தை இருந்தது. விலை ஏறிய மாதத்தில் அதே வீடுகள் சந்தைக்குப் போய் முண்டியடிக்கவில்லை. நாம் இழந்த கைப்பக்குவத்தின் விலையை இரண்டு பருவத்திலும் விவசாயியும் நாமும் சேர்ந்து கட்டுகிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி நீரில் நின்றபோது, குளிர்பெட்டியில் இருந்ததெல்லாம் அழுகியது, செயலிகள் ஊமையாயின, பால் பாக்கெட்டுக்கு மக்கள் அலைந்தார்கள். பானையில் வற்றலும் வடகமும் ஊறுகாயும் இருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. கோடை நீண்டுகொண்டே போகும், மழை ஒரே நாளில் கொட்டும் என்று காலநிலை அறிஞர்கள் எச்சரிக்கும் காலத்தில், இந்தத் தயார்நிலையையும் சேர்த்தே தொலைக்கிறோம்.

2030க்குள் கடையிலும் வீட்டிலும் தலைக்கு ஆகும் உணவு விரயத்தைப் பாதியாகக் குறைப்பதாக இந்தியா உள்பட உலக நாடுகள் 2015இல் ஒப்புக்கொண்டன. காலம் கையில் அதிகம் இல்லை. எவ்வளவு குறைத்திருக்கிறோம் என்று சொல்ல ஒரு மாநகராட்சியிடமாவது அளவு இருக்கிறதா? கழிவைப் பிரித்துத் தர வேண்டும் என்ற விதி 2016 முதல் இருக்கிறது. பிரித்து வாங்கிய ஈரக் கழிவை எடை போடுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. பள்ளிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும், ஆண் பெண் என்ற பாகுபாடு இல்லாமல், மிஞ்சியதைப் பாதுகாத்துச் சமைக்கும் செயல்முறைப் பாடம் வர வேண்டும். ஊரிலுள்ள மூத்த பெண்களை மதிப்பூதியம் கொடுத்து அதற்கு அழைக்க வேண்டும், ஏனெனில் பாடநூல் அவர்களிடம்தான் இருக்கிறது. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகள் நண்பகலுக்குள் முடிந்துவிடுகின்றன. அங்கே விற்காமல் தேங்கும் காயை அன்றே வாங்கித் தொக்காகவும் வற்றலாகவும் மாற்ற, மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு கொட்டகையும் உலர்த்தும் தளமும் தர வேண்டும். பேரங்காடிகள் தேதி நெருங்கும் பொருளைத் தனி அடுக்கில், குறைந்த விலையில் வைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். உணவகங்கள் அரை அளவுச் சாப்பாட்டை விலைப்பட்டியலில் எழுத வேண்டும். கேட்டுப் பெற வேண்டிய சலுகையாக அது இருக்கக் கூடாது. மண்டபங்களை நடத்துபவர்கள், மிஞ்சும் உணவை எங்கே அனுப்பப்போகிறோம் என்பதை முன்பதிவின்போதே எழுதி வாங்க வேண்டும்.

வீடுகளுக்கு நாம் சொல்வது இன்னும் எளியது. சந்தைக்குப் புறப்படும் முன் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். அரிசியைக் கைக்கணக்காகக் கொட்டாமல் ஆழாக்கில் அளந்து போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் புதிதாக எதுவும் வாங்காமல், இருப்பதை மட்டும் வைத்துச் சமையுங்கள். அந்த நாளின் சமையலைப் பிள்ளைகளிடம், குறிப்பாக மகன்களிடம், விடுங்கள். வாடிய கீரையைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் போட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். ஊரில் அம்மாவோ அப்பத்தாவோ அத்தையோ இருந்தால், பணியார மாவுக்கு எத்தனை நாள் புளிப்பு வேண்டும் என்று இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் சென்னை மாநகராட்சி முன்னுதாரணமாக நிற்கலாம். நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் குப்பை அள்ளும் அமைப்பு அது. ஒவ்வொரு வார்டிலும் சேரும் ஈரக் கழிவின் எடையை மாதந்தோறும் நிறுத்து, வார்டு அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்டட்டும். அடுத்த தை முகூர்த்தங்கள் தொடங்கும் முன் முதல் பட்டியல் வெளிவர வேண்டும்.